பெரியம்மா டவுனுக்கு வந்த நாள்

பெரியம்மா ஈப்போ டவுனுக்கு வருவதென்றால் காதுத் தோட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார். கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார். ஊருக்கு வெளியே, வாசலில் காவலாளி நிற்கும் புதிய தாமான் குடியிருப்புக்கு மாறிய பிறகு வந்த பயம் இது. அதற்கு முன் அவரும் எங்களைப்போல டவுனை ஒட்டிய புந்தோங்கில்தான் இருந்தார்; இதே தெருக்களில் தனியாக நடந்துதான் பள்ளிக்கூடம் போனார்.

“டவுனு முன்ன மாரி இல்ல லா. எங்க பாத்தாலும் நம்ம பையனுங்கதான் மோட்டார்ல சுத்துறானுங்க” என்பார். என் அண்ணனும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரியம்மா தீபாவளிக்குச் சேலை எடுக்க வந்தார். அம்மாவும் நானும் துணைக்குப் போனோம். நல்ல பகல். சேலைக் கடையில் கைப்பேசியை மறந்து வைத்துவிட்டுப் பெரியம்மா காரை நோக்கி முன்னால் நடந்தார். நாங்கள் பக்கத்துக் கடையில் முறுக்கு வாங்க நின்றோம். அருகே மோட்டார் பட்டறையில் வேலை செய்த அண்ணன் அந்த நேரம் பார்த்து எங்களைத் தேடிச் சேலைக் கடைக்கு வந்திருக்கிறான். கடைக்கார அக்கா கைப்பேசியை அவனிடம் கொடுத்து, “ஓடிப் போய்க் குடு தம்பி” என்றிருக்கிறார். முகம் மூடிய ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

காலடிச் சத்தம் கேட்டுப் பெரியம்மா திரும்பினார். எண்ணெய் படிந்த கறுத்த கையில் தன் கைப்பேசியைக் கண்டார்.

“திருடன்! திருடன்!”

சாலையோரம் நின்றவர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடிக்க, இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். “பெரிம்மா, நான்தான்!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் கத்தியதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அடிக்கத்தான் எல்லாருக்கும் அவசரம்.

அம்மா பைகளை வீசிவிட்டு ஓடினார். “விடுங்கடா, எம்புள்ளடா!”

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அண்ணனின் வாயெல்லாம் ரத்தம். கூட்டம் மெல்லக் கழன்றுகொண்டது. ஒருவர் மட்டும், பேருந்தில் காலை மிதித்துவிட்டவர்போல, “சாரி லா” என்றார்.

பெரியம்மா கொஞ்சம் அழுதார். பிறகு கைப்பேசியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே, “நான் என்னா செய்றது? டவுனு அப்படி இருக்கு. யார நம்புறது?” என்றார்.

“டவுனு என்னாக்கா பண்ணுச்சு? கத்துனது நீ!” என்றார் அம்மா.

பெரியம்மா காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

வீட்டுக்கு வந்ததும், அண்ணனின் உதட்டில் ஐஸ்கட்டி ஒற்றியபடியே அம்மா அவனைத் திட்டத் தொடங்கினார். “டவுன்ல எதுக்குடா ஓடுன? இனிமே யார் சொன்னாலும் ஓடாத. மோட்டார விட்டு எறங்குனா ஹெல்மெட்ட கழட்டு. அழுக்குச் சட்டையோட கடைக்குள்ள போவாத.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தது பெரியம்மா, ஏச்சு வாங்குவது அண்ணனா? “அவன ஏம்மா ஏசுறீங்க?” என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அண்ணன் வேலை முடிந்து வரும்வரை அம்மா வாசல் கேட் அருகிலேயே நின்றார். அக்காமீது இருந்த கோபத்தைத்தான் அவன்மேல் காட்டினார் என்று நினைத்து வெகுகாலம் அம்மாமீது கோபமாகவே இருந்தேன்.