ரெண்டில் ஒன்று

தெருவில் அவரை ஆல்பக்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் படங்களை எடுப்பது வேறு ஆட்கள். அவற்றைப் பொறுக்கி, முகங்களைத் துலக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி ஆல்பமாக்குவது இவர் வேலை. வீட்டு முன்னறைதான் அலுவலகம். அங்கிருந்த கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தந்தது அவர் மனைவி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அதே வேலை கிடைக்க, போன வருஷம் விமானம் ஏறிவிட்டாள்.

போன புதிதில் வாய் ஓயாமல் பேசினார்கள். பிறகு அவளுக்கு ஷிஃப்ட் மாறியது, பேச்சு தேய்ந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு சரி. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் அவருக்குத் தொண்டை வரை வரும்.

ஒரு மத்தியானம் பெரிய ஆல்பம் ஒன்றின் நடுவில் கம்ப்யூட்டர் திணறியது. மணப்பெண் முகம் பாதி வந்து அப்படியே நின்றது. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக மனைவிக்குப் போன் போட்டார்.

"மா, இது ஒரேடியா ஹேங் ஆகுது."

"பதறாதீங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணையும் சேர்த்து அழுத்துங்க. ஒரு பெட்டி வருதா? அதுல பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள மெமரி. வலது பக்கம் மேல என்ன எண் இருக்கு?"

"எட்டு ஜிபி."

"எட்டா? கீழ ஸ்லாட்ஸ்னு ஒரு வரி இருக்கும், பாருங்க."

"ரெண்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"எட்டு எட்டா ரெண்டு ராம், அதான் மெமரிப் பட்டை, போட்டேனே. ஒண்ணு கண்ணுக்கே தெரியல அதுக்கு."

"பாதி ஞாபகம் போயிடுச்சா, பாவம்."

"உங்ககூட தனியா கிடந்தா வேற என்ன ஆகும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அவள் சொல்லச் சொல்ல மின்சாரத்தை நிறுத்தினார், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். "நீளமா ரெண்டு பட்டை தெரியுதா? ஓரத்துக் கிளிப்பை மெதுவா அமுக்குங்க. மெதுவா." இரண்டையும் எடுத்து, பட்டைகளின் ஓரத்துப் பொன்னிறப் பல் வரிசையை அழிரப்பரால் தேய்த்து, டக்கென்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தினார். இயக்கிப் பார்த்தால் பதினாறு.

"வந்துடுச்சு மா."

"அப்ப சரி."

இருவருமே போனை வைக்கவில்லை. ஆனால் பேசுவதற்கும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் அவளைப் பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் அவரே மறுபடி கூப்பிட்டார். "திரும்பவும் ஸ்லோவா இருக்கு."

"திரையில அந்தப் பெட்டியத் திறந்து படிங்க."

"பதினாறு. ரெண்டுக்கு ரெண்டும் இருக்கு."

"அதுல எவ்வளவு ஓடுது?"

"அஞ்சு."

"அதுல ஒரு கோளாறும் இல்லையே."

"இல்லதான்."

"அப்புறம்?"

அவர் பொய்யை நீட்டவில்லை. "அன்னிக்கு இதை அழுத்து, அதை அமுக்குன்னு சொன்னியே. நீ பக்கத்துல உக்காந்து சொன்ன மாதிரியே இருந்துச்சு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நானும் இந்த ஒரு வாரமா, அது இன்னொரு தரம் கெட்டுப் போகாதான்னுதான் இருந்தேன். வேலை கத்துக்கிட்டவ நினைக்கிற நினைப்பா இது?"

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பேசணும்னு இல்லைங்க," என்றாள் அவள். "போனை மேசை மேல வச்சிட்டு நீங்க வேலையப் பாருங்க. எனக்கும் துணி மடிக்கிற வேலை இருக்கு."

அதுவே வழக்கமாயிற்று. அவள் ஊர் திரும்ப இன்னும் ஒரு மழைக்காலம் போக வேண்டியிருந்தது. விடுமுறை நாட்களில் போன் மேசையிலேயே கிடக்கும். அங்கே குழாய் திறப்பதும் அலமாரி மூடுவதும் இங்கே கேட்கும். சில நேரம் அவள் தன்னை மறந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பாள். சுருதி சேராது. ஆல்பக்காரர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.