சாயங்காலச் சூடு

ஆமத்தூர் பஸ்ஸில் கையில் வெள்ளித் தூசி படிந்த பக்கத்து சீட்டு அக்கா இருமிக்கொண்டே வாழைப்பழம் உரித்தாள். அந்த வாசனையில் அம்மா வந்துவிட்டாள்.

அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வெள்ளித் தூசியோடு வந்து இருமுவாள். அப்பா பழத்தை நீட்டுவார்.

"தின்னு, தூசியை இறக்கிரும்."

"தின்னு தின்னு கொரங்காயிட்டேன்" என்பாள்.

தீபாவளிக்குப் பிறகு கம்பெனியை மூடியதும் வருஷா வருஷம் இருமலும் நின்றுவிடும். அந்த வருஷம் நிற்கவில்லை.

"இந்த சீசன்ல ஆர்டர் அம்புட்டு, தூசியும் அம்புட்டு" என்று அப்பா இன்னொரு சீப்பு பழம் வாங்கிவந்தார். அம்மாவின் ரவிக்கை தொளதொளத்துப்போனது. எனக்கு மட்டும் சந்தோஷம். மார்கழிப் பனியில் அவள் உடம்பு அடுப்படியாய்க் கதகதத்தது. பொழுது சாய்ந்தால் மடியைவிட்டு இறங்கமாட்டேன்.

தை மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "சாயங்காலம் காய்ச்சல் வருதாம்மா?"

"அதெல்லாம் இல்லய்யா, தூசிதான்."

அப்போதும் அவள் மடியில்தான் இருந்தேன். அம்மா என்றாலே அந்தச் சூடுதான் என்று நினைத்திருந்தேன். காசநோய் முற்றியிருந்தது. மாத்திரை தொடங்கியும் அம்மா பங்குனியைத் தாண்டவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்: "சாயங்காலமானா மேலு சுடுதாக்கா?"

"அதெல்லாம் இல்ல தாயி, தூசிதான்."

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்தேன். கதகதப்பாக இருந்தது.