சாட்சித் தாளில் வெட்டிய காலர்

மிஷின் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சர்ச் சபையில் எல்லாரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? எட்டு மாதமாக வீட்டுக்காரர் கட்டிலில். அதுவரை அவர் வெட்ட, இவள் தைக்க, வீட்டு முன்னறையில் தையல்கடை ஓடியது. பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்தபின், வெட்டுவதும் இவளே, தைப்பதும் இவளே. இத்தனை மாதத்தில் சபையிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரே ஒருத்திதான், ஆலயத்தைப் பெருக்கும் அக்கா. வாரம் இரண்டு நாள் வந்து அவர் கைகளை நீவிவிட்டுப் போவாள்.

இந்த லட்சணத்தில் சபைச் செயலாளர் ஒரு கெட்டித்தாளோடு கடைக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை நன்றி ஆராதனைம்மா. ஆண்டவர் உங்களுக்குச் செஞ்ச நன்மைய சபை முன்னால சாட்சியா சொல்லணும். சிரமம் வேணாம்னு நானே எழுதிட்டேன், அப்படியே வாசிச்சிருங்க."

தாளை வாங்கிப் பார்த்தாள். 'எங்கள் துன்பத்தில் செயலாளரும் கமிட்டியும் நிழல்போல் கூடவே நின்றார்கள்.'

நிழலா! இவர் செருப்புச் சத்தம்கூட இந்த வாசலில் கேட்டதில்லையே! நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். பாடகர் குழுவுக்கு முப்பது அங்கி தைக்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அவர்தான்.

"சரிங்க."

"கொஞ்சம் சிரிச்ச முகமா வாசிங்க. நன்றின்னா முகத்துல தெரியணும்ல?"

தாளை மிஷின் மேல் வைத்துவிட்டுப் பெடலை ஓங்கி மிதித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தேடினால் தாளைக் காணோம். கட்டிலில் வீட்டுக்காரர், இடது கையில் கத்தரிக்கோல், மடியெல்லாம் துண்டுக் காகிதம். செயலாளரின் சாட்சி, துணிமேல் வைத்து வெட்டும் காலர் அச்சாகிக் கிடந்தது.

"ஐயையோ, என்ன காரியம் பண்ணீங்க! நாளைக்கு நான் எதை வாசிப்பேன்?"

"தாள்... கெட்டியா இருந்துச்சு," என்றார் குழறியபடி. "அங்கிக்கு... காலர்."

வெடுக்கென்று பிடுங்கினாள். கிழித்தெறியத்தான் நினைத்தாள். ஆனால் தையல்காரியின் கை, பழக்கத்தில் அதை நடுவே மடித்துப் பார்த்தது. இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மறுபடி மடித்தாள். வலது கைக்காரர்களுக்கென்று செய்த கத்தரிக்கோல் அது. அவருடைய இடது கட்டைவிரல் கன்றிச் சிவந்திருந்தது.

"எட்டு மாசம் சும்மா கெடந்துட்டு, வெட்டுறதுக்கு இதுதானா கெடச்சுது?" என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் ஆராதனையில் மைக் முன்னால் அந்தக் காலரைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுதான் என் சாட்சி. என் வீட்டுக்காரர் இடது கையால வெட்டுனது. அந்தக் கைக்குத் தெம்பு குடுத்தது நம்ம ஆலயத்தைப் பெருக்குற அக்கா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், அக்காவுக்கு நன்றி. வேற யாரும் வரல. அதனால வேற யாருக்கும் இல்ல."

கடைசி வரிசையில் பெருக்கும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசற்படியில் செயலாளர் வழிமறித்தார்.

"அங்கி வேலைய வேற ஆளுக்குக் குடுத்துக்கிறோம்."

"தாராளமா குடுங்க. அவங்ககிட்டயும் ஒரு சாட்சி எழுதிக் குடுங்க!"

வீட்டில் அவர் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"முழுசாவா?"

"நீங்க மிச்சம் வச்ச வரைக்கும். அங்கி போச்சு," என்று ஒரு சட்டைத் துணியை அவர் மடியில் போட்டாள். "பக்கத்து வீட்டுக்காரரோடது. பாத்து வெட்டுங்க, இது காகிதமில்ல."