மலர்வளையத்தில் யார் பெயர்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மலர்வளையத்தில் செருகும் அட்டையை எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான் காரணம்.

எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள் மாரடைப்பில் இறந்துபோன காலையிலும் அதிகாரி என்னைத்தான் கூப்பிட்டார். திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அந்த அம்மாள். முந்தின நாள்கூட எனக்கும் சேர்த்துப் புளிசோறு கொண்டுவந்திருந்தார்.

"மேல என் பேரு, டிகிரி, பதவி. கீழ 'மற்றும் ஊழியர்கள்'னு போடும்மா. தூரத்துலேர்ந்தே தெரியணும்" என்றார் அதிகாரி.

"அவங்க பேரு சார்?"

"எடம் இருந்தா போடு."

இடம் இல்லை. அவருடைய பட்டங்களே அட்டையை அடைத்துக்கொண்டன. ஆழ்ந்த அனுதாபம் ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

ஜீப்பில் திருப்போரூர் போய்ச் சேர்ந்தால், எங்கள் ஊழியர் சங்கத் தலைவர் தனியாக ஒரு வளையத்தோடு வாசலில் நிற்கிறார். அதில் அவர் பெயர், ஜிகினா எழுத்தில். இருவருக்கும் நெஞ்சின் மேல்தான் வைக்க வேண்டும். தலைவர் முதலில் வைத்தார். அதிகாரி அதைக் கால்பக்கம் நகர்த்திவிட்டுத் தன்னுடையதை வைத்து, கூட்டி வந்திருந்த போட்டோகிராபரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நாங்க வெச்சத எட்த்துட்டு வெக்கிறீங்க?"

"ஆபீஸ்தான் மொதல்ல, சங்கம் அப்புறம்."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் மகள், காலேஜில் படிக்கிற பெண், அட்டையைக் குனிந்து படித்தாள். "எங்கம்மா பேரு எங்க சார்?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா" என்றார் அதிகாரி.

கோயில் மடப்பள்ளியில் வேலை பார்க்கும், அந்த அம்மாளின் கணவர் எழுந்து வந்தார். இரண்டு வளையங்களிலிருந்தும் பெயர்களைப் பிய்த்து அவரவர் கையில் கொடுத்தார்.

"பூ இருக்கட்டும். இத்த எட்த்துகினு போங்க."

திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி வடை தின்றார்கள். போட்டோ விழுந்ததா என்பதுதான் பேச்சு. நான் இறங்கவே இல்லை.

அடுத்த சாவுக்கு, இறந்தவர் பெயரையும் 'உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம்' என்ற ஒரு வரியையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"என் பேரு எங்க?"

"வேற ஆளை வெச்சு எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொண்டார்கள். சில வருஷங்களில் அட்டையும் போய் பிளெக்ஸ் பேனர் வந்தது. கடைசியாக நான் பார்த்ததில், கைகூப்பி நிற்கும் அதிகாரியின் படம் செத்தவருடையதைவிடப் பெரிதாக இருந்தது. இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு நான் உதிரிப்பூவோடு தனியாகப் போய்விடுகிறேன்.