நண்டுக் கம்பனியும் சீதனக் காணியும்

வங்கியில் கடன் பகுதியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை செய்தவர்கள் கோயில் குளம் என்று போனார்கள். நான் ஒரு இணையத்தளம் மூலம் ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் போடத் தொடங்கினேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் நடத்தும் தளம் அது. இங்கே புதிதாகக் கம்பனி தொடங்க நினைக்கும் பிள்ளைகள் தங்கள் திட்டத்தையும் ஒரு வீடியோவையும் அதில் போடுவார்கள். பிடித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளலாம். கேட்ட தொகை தவணைக்குள் சேராவிட்டால் எல்லாருடைய பணமும் திரும்பி வந்துவிடும்.

பணம் போடுவதைவிட எனக்குப் பிடித்தது கேள்வி கேட்பதுதான். ஒவ்வொரு திட்டத்துக்குக் கீழும் யாரும் கேள்வி எழுதலாம், எல்லாரும் படிக்கலாம். வயலுக்கு ட்ரோனில் மருந்தடிக்கிறேன் என்று வந்த வவுணதீவுப் பையனிடம், மாரி மழை விடாமல் அடித்தால் உன் ட்ரோனை எந்தக் கொட்டிலில் கட்டி வைப்பாய் என்று கேட்டேன். ஆள் அதோடு காணாமல் போனான். சவர்க்காரம் செய்ய வந்த இரண்டு பெண்களிடம், உங்கள் சொந்தக்காரர் தவிர வேறு யாராவது இதை இரண்டாம் தடவை வாங்கினார்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்ததே இல்லை. பளபளப்பான லோகோவைக் கண்டாலே எனக்குக் கை துறுதுறுக்கும்.

இந்தக் குணம் எனக்குச் சும்மா வரவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் தாய் தகப்பன் வீட்டையும் காணியையும் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள். ஆண் பையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்கு வருவான். என் புருஷனும் அப்படித்தான் வந்தார். ஐஸ் பக்டரி போடுகிறேன் என்றார். கடனுக்கு ஈடு வைக்க நான் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐஸ் கரைந்தது, வீடும் போனது, அவரும் காலமாகிவிட்டார். இப்போது நான் டவுனில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறேன். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

தன்னாமுனையில் இருந்து ஒரு நண்டுக் கம்பனி அந்தத் தளத்துக்கு வந்தது. வாவியில் பிடிபடும் மெலிந்த நண்டுகளை மலிவாக வாங்கி, பெட்டி பெட்டியாக அடைத்து, தீன் போட்டுக் கொழுக்க வைத்து ஏற்றுமதிக்காரருக்கு விற்கும் திட்டம். வீடியோவில் ஒரு இளைஞன் வாவியைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசிப் பொளந்து கட்டினான். டொரொண்டோவில் இருப்பவர்கள் வாயைப் பிளந்தார்கள். பணம் மளமளவென்று சேர்ந்தது.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல கல் வீடு, பின்வளவு நேரே வாவிக்குள் இறங்குகிறது. கரையோரம் பெட்டிகள் மிதந்தன. அவன் எனக்கு நாற்காலி போட்டு, சோடா உடைத்துத் தந்து, சிங்கப்பூரில் நண்டு என்ன விலை போகிறது என்று தொடங்கினான். அவன் பேசப் பேச எனக்கே சிங்கப்பூர் தெரிந்தது. அவனுடைய பெண்டாட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது.

“விரலுக்கு என்ன புள்ள?”

“நண்டு கவ்விட்டு அன்ரி.”

“அவவுக்கு இன்னும் பழக்கமில்ல,” என்று சொல்லி அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனை எடுத்துப் பணத்தைப் போட்டேன். போட்ட பிறகுதான் பழைய புத்தி வேலை செய்தது. வீட்டுக்கு வந்ததும் திட்டத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். ‘நண்டுப் பெட்டிகள் இருக்கும் காணி யாருடைய பேரில் இருக்கிறது?’

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தோன்றாது. மட்டக்களப்பில் ஒரு கலியாணம் கட்டின ஆண்பிள்ளை ‘என் இடம்’ என்று கையை விரித்துக் காட்டினால், அது பெரும்பாலும் பெண்டாட்டியின் இடம்தான். இங்கும் அப்படியே. வீடும் பின்வளவும் ஒரே உறுதியில் அவளுடைய பேரில் இருந்தன. தளத்தை நடத்துகிறவர்கள் உடனே விழித்துக்கொண்டார்கள். காணியைக் கம்பனியின் பேருக்கு எழுதினால்தான் பணம் தருவோம் என்றார்கள். அடுத்த நிமிஷமே அவன் பதில் போட்டுவிட்டான். ‘பிரச்சினை இல்லை, இந்தக் கிழமையே மாற்றுகிறோம்.’ எனக்கு நன்றி வேறு சொன்னான். கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். அந்த வீட்டில் குடியிருக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பனி விழுந்தால் அவளும் அதே வீட்டில் அவளோடு இருக்கும் தாயும் எங்கே போய் நிற்பார்கள் என்றும் யாரும் கேட்கவில்லை.

அவளே எனக்குப் போன் எடுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

“அன்ரி, நீங்கதானே அந்தக் கேள்வி கேட்டீங்க. வெள்ளிக்கிழமை காணி எழுத நொத்தாரிசிட்டக் கூட்டிப் போறாராம். உறுதியில கையெழுத்து வைக்கவா?”

“வைக்காத எண்டு நான் சொல்லமாட்டன் புள்ள. கம்பனியில உனக்கு எத்தின பங்கு எண்டு அவர்ட்டக் கேளு. கேட்டுட்டு மறுகா வை.”

“எனக்குப் பங்கு இருக்கா?”

“அதத்தான் கேக்கச் சொல்றன்.”

அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. அது எனக்குத் தெரியும். கம்பனிப் பத்திரம் தளத்திலேயே கிடந்தது, அதில் அவன் பேர் மட்டும்தான் இருந்தது. அவள் போய்க் கேட்டிருக்கிறாள். அன்று மாலையே அவன் எனக்குப் போன் எடுத்தான்.

“அன்ரி, நீங்க ஏன் எங்கட குடும்பத்தக் குழப்புறீங்க? புருசன் பொஞ்சாதிக்குள்ள என்ன பங்கு?”

“எனக்கு மட்டும் ஏன் தம்பி பங்கு தாறீங்க?”

“நீங்க காசு போடுற ஆள்.”

“அவ காணி போடுறா.”

“அவட பேரப் போட்டா ஊருக்குள்ள நான் தல நிமிர்ந்து நடக்கேலா. பொஞ்சாதிக்கிட்டச் சம்பளத்துக்கு நிக்கிறான் எண்டு சொல்லுவானுகள்.”

முகம் தெரியாத இத்தனை பேருக்குப் பங்கு எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டவன், ஒரே பாயில் படுக்கிறவளுக்கு ஒரு பங்கு கொடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. தவணை முடிவதற்குள் திட்டத்தைத் தானே நீக்கினான். எங்கள் எல்லாருடைய பணமும் திரும்பி வந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் அப்படித் திரும்பிப் போனால் கலியாணம் முறிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பங்கு கேட்டுப் புருஷனைத் துரத்தியவள் என்று அவளுக்கு ஊரில் பேர் வந்தது. அவளைப் பெற்ற தாயே அப்படித்தான் சொல்லித் திரிந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கம் இல்லை. ஒரு வீடாவது தப்பியதே என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் மாரி முடிந்ததும் தன்னாமுனைக்குப் போனேன்.

அவள் தண்ணீருக்குள்தான் நின்றாள். பெட்டிகள் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தன. மிச்சப் பெட்டிகளுக்கு மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கரைக்கு ஏறி வந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நான் உட்காரும் முன்னமே கேட்டாள்.

“அன்ரி, இப்ப காணியும் என்ட, நண்டும் என்ட. எனக்குக் காசு போடுவீங்களா?”

நான் அதை எதிர்பார்த்து வரவில்லை. ஆனாலும் கேள்விகள் தானாக வாய்க்கு வந்துவிட்டன.

“நண்ட ஆரு வாங்குவாங்க?”

“அவர்ட போன்லதான் நம்பர் இருந்த. வேற ஆளத் தேடுறன்.”

“வெள்ளம் வந்து வாவித் தண்ணி நன்னீராப் போனா?”

“இந்த முற கொஞ்சம் செத்துப் போச்சு. மிச்சத்த ட்ரம்முல உப்புத் தண்ணி விட்டுக் காப்பாத்தினன்.”

“உனக்கு ஒண்டு ஆனா இதை ஆரு பாப்பாங்க?”

வாங்க ஆள் இல்லை, துணைக்கு ஆள் இல்லை, ஊரில் நல்ல பேரும் இல்லை. வங்கியில் இருந்திருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

“ஏலா புள்ள,” என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அவர்ட்டயும் இதெல்லாம் கேட்டுத்தான் காசு போட்டீங்களா?”

“இல்ல.”

“மறுகா என்னத்துக்குப் போட்டீங்க?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. “அவன் நல்லாக் கதைச்சான்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தாள். அன்று துணி சுற்றியிருந்த விரலில் இப்போது நகமே இல்லை.

“அப்ப இந்த நண்டெல்லாம் அவர்ட கதையத் திண்டுதான் கொழுத்த எண்டு நினைச்சிருக்கீங்க.”

சொல்லிவிட்டு அவள் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அவளுக்குப் பணம் போடவில்லை.