ஒருமனதாக என்ற சொல்லை நம்பாதவர்

சென்ற புதன்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ராயப்பேட்டையிலிருந்து நஸீமாவின் தம்பி. "அக்கா விடியக்காலைல மௌத்தாயிட்டாங்க சார். மத்தியானத் தொழுகைக்கப்புறம் அடக்கம்" என்றார். அடையாறில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் பத்து ஆண்டுகள் நானும் நஸீமா பானுவும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அலுவலக அறிவிப்புப் பலகையில் இரங்கல் செய்தி ஒட்டியிருந்தார்கள். "நிறுவனத்தின் சீரமைப்புக்கு உறுதுணையாக நின்றவர்" என்று அதில் ஒரு வரி. அவரை அறிந்த உங்களுக்கு அது பொய் என்று உடனே தெரிந்திருக்கும். எந்த அளவுக்குப் பொய் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அந்தச் சீரமைப்பில் என் கையும் இருந்தது.

நஸீமா ஆராய்ந்தது விதிகளை. சந்தையோ, சங்கமோ, அரசு அலுவலகமோ, அங்கே எந்த விதி எப்போது மாறியது, மாறியதால் யாருக்கு ஆதாயம் என்று தோண்டிக்கொண்டே இருப்பார். தி.நகர் நடைபாதைக் கடைகளைப் பார்க்க ஒருமுறை நானும் கூடப் போனேன். பல வருடமாக முனையில் பூ விற்ற அம்மாள் ஒருவர் தெருக்கோடிக்குப் போயிருந்தார். நஸீமா காரணம் கேட்டார்.

"இன்னாம்மா பண்றது, சங்கத்துல ரூல மாத்திட்டாங்க. அல்லாரும் ஒத்துக்கினாங்களாம்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"என்னிய யாரு கேட்டா?"

திரும்பும்போது பேருந்தில் நஸீமா சொன்னார்: "விதி தானா மாறாது மூர்த்தி. யாரோ ஒருத்தர் உக்காந்து மாத்துறாங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து மாத்தினதா எழுதிடுறாங்க."

அலுவலகத்தில் அவருக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். கேன்டீன் குழுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால்கூட, யார் சொல்லிச் சேர்த்தார்கள் என்று கேட்பார். எனக்கே சில நாள் அலுத்துப்போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டு உதவியோடு பெரிய திட்டங்கள் வரத் தொடங்கின. இயக்குநர் சீரமைப்பு என்று சொல்லி எங்கள் சட்டதிட்டங்களைத் திருத்த முனைந்தார். ஆட்சிக்குழுவுக்கு ஊழியர்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது வழக்கம். இனி அந்த இரண்டு இடங்களுக்கும் அவரே நிபுணர்களை நியமிப்பார். முடிவுகளை வேகமாக எடுக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். வரைவை எழுதிக்கொடுத்தவன் நான். அப்போது துணை இயக்குநர் பதவி காலியாக இருந்தது, அதன்மேல் எனக்குக் கண் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொதுக்குழுவில் நஸீமா மட்டும்தான் எழுந்தார். "எங்க ஆளுங்க ரெண்டு பேரால எந்த முடிவு தாமதமாச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார். இயக்குநர் அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். "என் எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. இயக்குநர் என்னை அறைக்குள் அழைத்தார். "ஒரே ஒருத்தர்தானே மூர்த்தி. ஒருமனதான்னே போட்டுடுங்களேன். நிதி கொடுக்கறவங்க இதப் படிப்பாங்க." போட்டேன்.

குறிப்பு எல்லோர் கைக்கும் போன அன்று நஸீமா அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஒருமனதாக. நல்ல வார்த்தை. அந்த ஒரு மனசு யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க."

மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம்கூட இருந்தது. மயிலாப்பூரில், வீட்டில், நடந்ததை என் மனைவியிடம் நியாயம் கேட்பதுபோலச் சொன்னேன். "அவா வேண்டாம்னு சொன்னாளா இல்லையா? சொல்லியிருந்தா எழுதிட்டுப் போக வேண்டியதுதானே. ஆத்துக்கு வந்து என்னண்ட என்ன கேக்கறேள்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் பழைய குறிப்பை உறுதிசெய்யும் நேரம் வந்தபோது எழுந்தேன். "இதில் தவறு இருக்கிறது. எழுதியவன் நான்தான். ஒருவர் எதிர்த்தார்" என்றேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தம் ஏற்கப்பட்டது. விதி அப்படியே நின்றது. துணை இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு, புதிய ஆட்சிக்குழு முதலில் மூடியது நஸீமாவின் ஆய்வுப் பிரிவை. அவர் ராஜினாமா செய்துவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனார்.

இரண்டு மாதம் முன்பு திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மிகவும் இளைத்திருந்தார். தேநீர் குடித்துக்கொண்டே, வெகுநாள் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் எழுந்து சொன்னப்போ என்ன நினைச்சீங்க?"

"அந்தப் பதவி உங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சப்புறம் எழுந்தீங்களா, தெரியறதுக்கு முன்னாடியான்னு நினைச்சேன்."

"முன்னாடிதான்."

"இருக்கலாம்" என்று சிரித்தார். "தேதி பார்க்கணும்."

அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள், பழைய கோப்பை எடுத்துத் தேதி பார்த்தேன். துணை இயக்குநர் நியமன ஆணை, நான் எழுந்து பேசிய கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே தட்டச்சாகி இருந்தது. அப்போது எனக்கு அது தெரியாது என்றுதான் நினைவு. அந்த நினைவை நஸீமா ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். யார் சொன்னது, எப்போது கேள்விப்பட்டீர்கள் என்று துருவியிருப்பார். இப்போது நானே என்னைத் துருவிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தச் சந்தேகம்.