கை நீட்டாமல் கிடைத்த கஞ்சி

மலாயாவில், மூவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கணவருக்கும் அண்ணனுக்கும் வாய்ச்சண்டை தொடங்கிவிடும்.

"இரட்சிப்பு முழுக்கக் கிருபைதான் மச்சான், நாம செய்ய ஒண்ணுமே இல்ல" என்பார் கணவர்.

"கர்த்தர் கொடுப்பாரு மாப்பிள்ள, நாமதான் கை நீட்டி வாங்கணும். அவர் சொன்னபடி நடக்கணும்" என்பார் அண்ணன்.

கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை குளிர்காய்ச்சலில் விழுந்து, பல நாள் பேச்சில்லாமல் கிடந்தேன். வேலைக்குப் போகாவிட்டால் கங்காணி எனக்கு ஒதுக்கிய மர நிரையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார். செய்ய ஒன்றுமில்லை என்ற மனிதர்தான் விடியுமுன் எழுந்து, தம் மரங்களோடு என் மரங்களிலும் பால் வெட்டிவிட்டு வந்தார். கை நீட்டி வாங்கச் சொன்ன அண்ணனோ, கையைத் தூக்கவும் முடியாத எனக்குக் கஞ்சி ஊட்டினார். இருவருக்கும் நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமல்ல.

ஆனால் அப்போதும் அவர்கள் வாய் ஓயவில்லை. கஞ்சிக் கிண்ணத்துக்கு மேலேயே கிருபையும் கீழ்ப்படிதலும் மோதிக்கொண்டன.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.